நார்ஸ் காப்புச் சின்னங்கள்: பொருள் அறிந்து அணிய ஒரு முழுமையான வழிகாட்டி

ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதைகளுள் ஒன்றான எகில் சாகாவில் ஒரு சம்பவம் வருகிறது. பயணத்தின் நடுவே எகில் ஒரு விவசாயி வீட்டில் தங்குகிறான். அந்த வீட்டுப் பெண் ஹெல்கா நெடுநாளாகப் படுத்த படுக்கை. இரவில் தூக்கமில்லை, புத்தி பேதலித்தவள்போல் இருக்கிறாள். வைத்தியம் ஏதும் பார்த்தீர்களா என்று எகில் கேட்கிறான். பக்கத்தில் ஒரு விவசாயியின் மகன் ரூன் என்ற பழைய வடநாட்டு எழுத்துகளைச் செதுக்கிக் கொடுத்தான், அதற்குப் பிறகு நோய் இன்னும் முற்றிவிட்டது என்கிறார்கள்.

எகில் அவளைத் தூக்கச் சொல்லிவிட்டுப் படுக்கையைப் புரட்டுகிறான். உள்ளே எழுத்துகள் வெட்டிய ஒரு திமிங்கில எலும்புத் துண்டு. படித்துப் பார்த்து, எழுத்துகளைச் சுரண்டி எடுத்து, எலும்பையும் நெருப்பில் போடுகிறான். படுக்கைத் துணிகளைக் காற்றாட விரிக்கச் சொல்கிறான். பிறகு புதிதாக ரூன்களைச் செதுக்கித் தலையணைக்கு அடியில் வைக்கிறான். ஹெல்கா கண் திறக்கிறாள். அங்கே எகில் ஒரு பாட்டுச் சொல்கிறான்: ரூன்களைச் சரியாகப் படிக்கத் தெரியாதவன் அவற்றைச் செதுக்கவே கூடாது, இருண்ட எழுத்தில் தடுக்கி விழுந்தவர்கள் பலர்.

நார்ஸ், அதாவது பழைய ஸ்காண்டிநேவியச் சின்னங்களைப் பற்றிக் கேட்டு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பதக்கம் வாங்கினாலும், பச்சை குத்தினாலும், வாசலில் மாட்டினாலும், அதில் என்ன எழுதியிருக்கிறது, யார் எப்போது எதற்காக எழுதினார்கள் என்று தெரிந்த பிறகே செய்ய வேண்டும். அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பெயரைக் கேட்பதற்கு முன் வயதைக் கேளுங்கள்

கடையில் "வைக்கிங் காப்புச் சின்னம்" என்று விற்கும் பொருள்களை ஒரே குவியலாகப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். மூன்றாகப் பிரித்துக்கொண்டால் எல்லாம் தெளிவாகும்.

முதல் வகை, மண்ணிலிருந்து கிடைத்தவை. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் காலம் என்பது ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை. அந்தக் காலத்திலோ அதற்கு முன்போ வாழ்ந்தவர்கள் கையால் செய்து, கழுத்தில் போட்டு, கல்லறையில் வைத்த பொருள்கள் இவை. தோரின் சுத்தியல், ரூன் எழுத்துகள், பின்னிய முக்கோணங்கள் எல்லாம் இந்த வகை.

இரண்டாம் வகை, ஐஸ்லாந்தின் மந்திர ஏடுகளில் இருப்பவை. ஐஸ்லாந்து கி.பி. 1000 வாக்கில் கிறிஸ்தவத்தை ஏற்றுக்கொண்டது. இந்த ஏடுகளில் பெரும்பாலானவை எழுதப்பட்டது அதற்கு 600 ஆண்டுகளுக்கும் பிறகு. இன்று உலகம் முழுக்கப் பச்சை குத்தப்படும் வெக்விசிரும் எட்டுக் கை கொண்ட ஐகிஸ்ஹியால்மரும் இங்கிருந்து வந்தவை.

மூன்றாம் வகை, 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த, கீழே இரு முனைகளும் சுருண்டிருக்கும் "ட்ரோல் சிலுவை" ஒரு நல்ல எடுத்துக்காட்டு. பழங்காலப் பொருள்போலத் தோன்றினாலும் அது 1990களில் ஸ்வீடனின் டாலர்னா பகுதியில் உருவான நகை. பேய் பூதங்களுக்கு இரும்பு ஆகாது என்ற பழைய நம்பிக்கை அதன் பின்னால் உண்மையாகவே இருக்கிறது. வடிவம் மட்டும் புதிது.

புதியது என்பதற்காக எதையும் நான் தள்ளச் சொல்லவில்லை. பிடித்திருந்தால் அணியலாம். ஆனால் 30 வயதுப் பொருளை 1000 வயது என்று நம்பி அணிவது வேறு விஷயம்.

படி 2: தோரின் சுத்தியலிலிருந்து தொடங்குங்கள்

காப்புக்காக வைக்கிங்குகள் உண்மையாகவே அணிந்த ஒரு சின்னத்தைச் சொல் என்று கேட்டால், எந்தத் தயக்கமும் இல்லாமல் மியோல்னிர் என்பேன். இடியின் தெய்வமான தோரின் சுத்தியல். ஸ்காண்டிநேவியாவிலும் பிரிட்டனிலும் ரஷ்ய நிலப்பகுதியிலும் இதுவரை 1000க்கும் மேற்பட்ட சுத்தியல் பதக்கங்கள் கிடைத்துள்ளன. வெள்ளி, வெண்கலம், இரும்பு, அம்பர் என்று வசதிக்கேற்ப.

இவை சுத்தியல்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் இருந்தது. கைப்பிடி குட்டையாக, தலை இரு பக்கமும் சமமாக இருப்பதால், வேறு ஏதாவதாக இருக்குமோ என்று கேட்டவர்கள் உண்டு. 2014இல் டென்மார்க்கின் லோலண்ட் தீவில், கோபெலெவ் என்ற ஊரில் ஒரு சிறிய பதக்கம் கிடைத்தது. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் மேல் ரூன் எழுத்தில் "இது சுத்தியல்" என்று எழுதியிருந்தது. அதிலும் செதுக்கியவர் சுத்தியலைக் குறிக்கும் "ஹமர்" என்ற சொல்லில் முதல் "அ" உயிரை விட்டுவிட்டார். பெருவிரல் நுனியளவு உலோகத்தில் குனிந்து உட்கார்ந்து யாரோ ஒருவர் வெட்டிய எழுத்து அது. அந்த விடுபட்ட உயிரெழுத்தைப் பற்றிப் படித்தபோது, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த மனிதர் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

சுத்தியலின் கைப்பிடி ஏன் குட்டை என்பதற்குக் கதை இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி ஸ்டூர்லுசன் எழுதிவைத்தது. குள்ளர்கள் உலையில் சுத்தியலைச் செய்யும்போது, தெய்வங்களோடு வாழும் குறும்பன் லோகி ஈ உருவில் வந்து, துருத்தி ஊதியவனின் இமையில் கடிக்கிறான். ரத்தம் கண்ணில் வழிய, அவன் ஒரு கணம் கையை எடுக்கிறான். அந்த ஒரு கணத்தால் கைப்பிடி குறைந்துபோகிறது.

இனி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சுத்தியல் என்றதும் எதிரியை அடிக்கும் ஆயுதம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பழைய பாடல்களில் அது புனிதப்படுத்தும் கருவி. அரக்கன் த்ரிம் சுத்தியலைத் திருடிக்கொண்டு, திருப்பித் தர வேண்டுமென்றால் ஃபிரெய்யா தேவியை மணமுடித்துத் தர வேண்டும் என்கிறான். தோரே மணப்பெண் வேடத்தில் போகிறான். மணச்சடங்கில் மணப்பெண்ணைப் புனிதப்படுத்துவதற்காகச் சுத்தியலைக் கொண்டுவந்து அவள் மடியில் வைக்கச் சொல்கிறான் த்ரிம். கைக்குச் சுத்தியல் வந்தபிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. இறந்துபோன தெய்வம் பால்டரின் சிதையைத் தோர் புனிதப்படுத்துவதும் இதே சுத்தியலால்தான். அறுத்துச் சமைத்த தன் ஆடுகளை, தோலையும் எலும்பையும் பரப்பி வைத்து, மறுநாள் காலை சுத்தியலை உயர்த்தி எழுப்புவதும் இதனால்தான். திருமணம், சாவு, உணவு என்று வாழ்க்கையின் ஒவ்வொரு வாசற்படியிலும் அந்தச் சுத்தியல் நிற்கிறது.

டென்மார்க்கின் ஃபியூன் தீவில் கிளாவென்ட்ரப் என்ற இடத்தில் ஒரு கல் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராக்ன்ஹில்ட் என்ற பெண் தன் கணவன் ஆல்லிக்காக எழுப்பியது. டென்மார்க்கிலேயே மிக நீண்ட ரூன் கல்வெட்டு அதுதான். அதில் "தோர் இந்த ரூன்களைப் புனிதப்படுத்தட்டும்" என்ற வரி வருகிறது. கல்லைச் சேதப்படுத்துபவனுக்குச் சாபமும் இருக்கிறது.

ஸ்வீடனின் எலாண்ட் தீவில், க்வின்னபி என்ற ஊரில் 11ஆம் நூற்றாண்டுச் செப்புத் தகடு ஒன்று கிடைத்தது. சின்னஞ்சிறு தகடு. இரு பக்கமும் நெருக்கமாக ரூன்கள். கடலிலிருந்து வந்த அந்தச் சுத்தியலால் தோர் இவனைக் காக்கட்டும் என்று அதில் இருக்கிறது. கழுத்தில் கட்டிக்கொள்ளும் தாயத்து என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான நார்ஸ் பொருள் இல்லை.

கிறிஸ்தவம் பரவிய காலத்தில் இரண்டு நம்பிக்கைகளும் ஒரே பட்டறையில் இருந்தன. டென்மார்க்கின் யூட்லாண்டில், ட்ரெண்ட்கோர்டனில் கிடைத்த மாவுக்கல் அச்சு ஒன்று கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஒரே அச்சில் சிலுவையையும் வார்க்கலாம், சுத்தியலையும் வார்க்கலாம். ஐஸ்லாந்தில் குடியேறிய ஒல்லி ஹெல்கி கிறிஸ்துவை நம்பினான், கடற்பயணத்துக்கும் கடினமான காரியங்களுக்கும் தோரை வேண்டிக்கொண்டான் என்று குடியேற்ற நூல் சொல்கிறது. கடலில் போகிறவன் மனது எங்கும் அப்படித்தான்.

இன்றும் இது உயிரோடு இருக்கிறது. ஐஸ்லாந்தில் பழைய தெய்வ வழிபாட்டை மீட்ட ஆசாத்ருவார்ஃபெலாகித் சங்கம் 1972இல் தொடங்கி, 1973இல் அரசு அங்கீகாரம் பெற்றது. அமெரிக்காவில் இறந்த படைவீரர்களின் கல்லறைக் கல்லில் பொறிக்கத்தக்க சமயச் சின்னங்களின் பட்டியலில் தோரின் சுத்தியல் 2013இல் சேர்ந்தது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பினால் இதையே எடுங்கள். பொருள், வயது, பயன் மூன்றுமே உறுதியாக இருக்கும் சின்னம் இது.

படி 3: ரூன்களை எழுத்தாகப் படியுங்கள்

ரூன் முதலில் எழுத்து, அப்புறம்தான் மந்திரம். மூத்த ரூன் வரிசையில் 24 எழுத்துகள். வைக்கிங் காலத்தில் அது 16 ஆகச் சுருங்கியது. சீப்பு யாருடையது, கல்லை எழுப்பியது யார் என்பதற்கெல்லாம் இதே எழுத்துகள்தான் பயன்பட்டன.

காப்பு ரூன் என்று இன்று எல்லோரும் காட்டுவது அல்கிஸ். நேர்க்கோடு ஒன்று, அதன் மேற்பாதியிலிருந்து இருபுறமும் மேல்நோக்கி இரண்டு கிளைகள். கை இரண்டையும் உயர்த்திய மனிதன் மாதிரி இருக்கும். மூத்த வரிசையில் இதன் ஒலி "ஸ்", "ர்" இரண்டுக்கும் இடைப்பட்டது. பழைய ஆங்கில ரூன் பாடல் இந்த எழுத்துக்குச் சதுப்பு நிலத்துக் கோரைப் புல்லைச் சொல்கிறது. பிடிக்க வருபவன் கையைக் கிழித்து ரத்தம் வரவழைக்கும் புல். தொட்டவனைத் தண்டிக்கும் வேலி என்ற எண்ணத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஸ்வீடனின் ஸ்கோனே பகுதியில் 1840இல் கிடைத்த லிண்ட்ஹோல்ம் எலும்புத் தாயத்திலும் இந்த எழுத்து வருகிறது. ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கிய ஒரு விசித்திர வரிசையில் இது மூன்று முறை வருகிறது. வரிசை "அலு" என்ற சொல்லில் முடிகிறது. அந்தச் சொல் 5, 6ஆம் நூற்றாண்டுத் தங்கப் பதக்கங்கள் பலவற்றிலும் காணப்படும் மந்திரச் சொல்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வைக்கிங் காலத்து 16 எழுத்து வரிசையில் இதே வடிவம் "ம்" ஒலிக்கு உரியது, பெயர் "மனிதன்". உங்கள் அல்கிஸ் பதக்கத்தை ஒரு வைக்கிங் பார்த்திருந்தால் "ம்" என்றுதான் படித்திருப்பான். காப்பு என்ற பொருளில் அல்கிஸை அணிய விரும்பினால், அதை மூத்த வரிசைக்காரர்களின் எழுத்தாக, வைக்கிங்குகளுக்கு முந்தியதாக நினைத்து அணியுங்கள்.

பழைய பாடல்களில் காப்பு ரூன் என்று தனியாக ஒரே ஒரு எழுத்து கிடையாது. சிக்ர்த்ரீவாவின் பாடலில் அந்த வீரமங்கை சிகுர்த் என்ற வீரனுக்குக் கற்றுத்தருவதைப் பாருங்கள். வெற்றி ரூன்களை வாளில் வெட்டு, தீர் தெய்வத்தின் பெயரை இருமுறை சொல். வஞ்சகத்திலிருந்து தப்ப, மது குடிக்கும் கொம்பிலும் புறங்கையிலும் எழுது, நகத்தில் "தேவை" என்ற பெயருள்ள எழுத்தைக் கீறு. பிரசவத்துக்கு உதவும் ரூன்களை உள்ளங்கையில் எழுது. கடலில் காக்கும் ரூன்களைக் கப்பலின் முகப்பிலும் சுக்கானிலும் துடுப்பிலும் வெட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன், ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். எல்லாவற்றிலிருந்தும் காக்கும் ஒரு பொதுச் சின்னம் என்ற எண்ணமே அங்கு இல்லை. நம்மில் பலர் தவறவிடுவது இதைத்தான்.

ஆகவே ரூனில் ஏதேனும் எழுத நினைத்தால்: முதலில் எதிலிருந்து காப்பு வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அடுத்து 24 வரிசையா, 16 வரிசையா என்று முடிவு செய்யுங்கள்; இரண்டையும் கலக்காதீர்கள். தமிழையோ ஆங்கிலத்தையோ எழுத்துக்கு எழுத்து மாற்றுவதைவிட, க்வின்னபி தகட்டிலோ கிளாவென்ட்ரப் கல்லிலோ உள்ள ஒரு சொற்றொடரை அப்படியே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. எகிலின் எச்சரிக்கை இங்கேதான் பொருந்துகிறது.

படி 4: ஐஸ்லாந்து மந்திர வடிவங்களைப் பிரித்தறியுங்கள்

வெக்விசிரும் ஐகிஸ்ஹியால்மரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டுக்கும் நடுவிலிருந்து எட்டுக் கைகள். அடையாளம் காண எளிய வழி: எட்டுக் கைகளும் ஒரே மாதிரி, நுனியில் சூலம்போல் பிரிந்தால் அது ஐகிஸ்ஹியால்மர். ஒவ்வொரு கையின் நுனியும் வேறு வேறாக இருந்தால் அது வெக்விசிர்.

வெக்விசிர் என்றால் வழிகாட்டி. இது இருக்கும் ஏட்டின் பெயர் ஹுல்ட். ஐஸ்லாந்தின் அகூரேரியில் கெய்ர் விக்ஃபூஸன் என்பவர் 1860இல் தொகுத்தது. ஆம், 1860. வைக்கிங் கப்பல் எதிலும் இது இருந்ததற்குச் சான்று கிடையாது. ஏட்டில் படத்தோடு இருக்கும் குறிப்பு மிகச் சுருக்கமானது: இந்த வடிவத்தைத் தன்னிடம் வைத்திருப்பவன், பனிப்புயலிலும் கெட்ட வானிலையிலும், தெரியாத இடமானாலும் வழி தவற மாட்டான்.

இவ்வளவுதான். ஆனால் ஐஸ்லாந்தின் மலைப்பாதையில் ஆடு தேடிப் போனவன் பனிப்புயலில் மாட்டிக்கொண்டால் என்ன ஆவான் என்று நினைத்துப் பாருங்கள். கண்ணுக்கு எதிரே கை தெரியாது. வீட்டு வாசலுக்குப் பத்தடி தூரத்தில் விறைத்துச் செத்துப்போகலாம். அந்த மண்ணில் பிறந்த வேண்டுதல் இது. இதைப் போர்வீரனின் திசைகாட்டி என்று விற்பவர்களைவிட, ஆட்டிடையனின் தாயத்து என்று சொன்னால்தான் எனக்கு இதன் மேல் அன்பு கூடுகிறது. இன்னொன்று: கடைகளில் கிடைக்கும் வடிவத்தைச் சுற்றி ரூன் எழுத்து வளையம் ஒன்று இருக்கும். ஏட்டில் அது இல்லை. பிற்காலத்தில் சேர்த்தது.

ஐகிஸ்ஹியால்மர் என்ற பெயர் மிகப் பழையது. "அச்சத்தின் தலைக்கவசம்" என்று சொல்லலாம். பாம்பாக மாறிப் புதையலைக் காத்துக் கிடந்த ஃபாஃப்னிர், சாகும் தறுவாயில், தன்னைக் குத்திய சிகுர்திடம் பேசுகிறான்: மனிதர்களுக்கு எதிராக அந்தக் கவசத்தை அணிந்திருந்தேன், எல்லோரையும்விட நானே வலியவன் என்று நினைத்திருந்தேன். அதற்குச் சிகுர்த் சொல்லும் பதில் நான் பலமுறை திரும்பிப் படித்தது. கோபம் கொண்ட மனிதர்கள் மோதும் இடத்தில் அந்தக் கவசம் யாரையும் காக்காது. பலர் நடுவே போகும்போதுதான் யாரும் எல்லோரையும்விட வீரனல்ல என்று தெரியவரும். இந்தச் சின்னத்தின் பெயரைச் சொல்லும் மிகப் பழைய பாடலே அதன் எல்லையையும் சொல்லிவிடுகிறது. இதை அணிபவர் அந்த வரியையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கோட்டு வடிவம் பிற்கால மந்திர ஏடுகளில் வருகிறது. அவற்றுள் பெயர்பெற்ற கல்ட்ராபோக் 1600 வாக்கில் எழுதத் தொடங்கப்பட்டது. தெய்வங்களின் தலைவன் ஓடினும் தோரும் அதில் இருக்கிறார்கள், கிறிஸ்தவப் பிரார்த்தனைகளும் இருக்கின்றன. 1862 முதல் 1864 வரை வெளிவந்த யோன் ஆர்னசனின் நாட்டார் கதைத் தொகுப்பில் செய்முறை இருக்கிறது. வடிவத்தை ஈயத்தில் செய்து, இரு புருவங்களுக்கு நடுவே நெற்றியில் அழுத்தி, "ஐகிஸ்ஹியால்மரை என் புருவங்களுக்கு நடுவே சுமக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். (ஈயம் தோலுக்கு நல்லதல்ல. செய்து பார்க்க ஆசையிருந்தால் தாளில் வரைந்து ஒற்றுங்கள்.)

வரைய விரும்புபவர்கள் இப்படிச் செய்யலாம். முதலில் ஒரு கூட்டல் குறி. அதன் மேல் அதே நீளத்தில் ஒரு பெருக்கல் குறி. எட்டுக் கைகள் வந்துவிட்டன. ஒவ்வொரு நுனியிலும் இருபுறமும் வளைந்த சூலம். கை ஒவ்வொன்றுக்கும் குறுக்கே மூன்று சிறு கோடுகள். மையத்தில் சிறு வட்டம். எட்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், அதுதான் இதன் உயிர்.

இந்தக் கோடுகளுக்காக உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 17ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் சூனியக் குற்றத்துக்காகச் சுமார் 20 பேர் எரிக்கப்பட்டார்கள். ஐரோப்பாவின் மற்ற பகுதிகளில் எரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஐஸ்லாந்தில் ஒரே ஒருவர்தான் பெண். மந்திரம் அங்கே எழுத்தோடும் ஏட்டோடும் கட்டுண்டிருந்ததும், எழுதத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருந்ததும் இதற்கொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ரூன் எழுதிய தாள் வீட்டில் இருந்ததே சிலருக்கு எதிரான சாட்சியாகியது. மேற்கு ஃபியோர்டுகள் பகுதியில் உள்ள ஹோல்மவிக்கில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் தவறவிட வேண்டாம்.

படி 5: பின்னிய முக்கோணங்களைக் காப்பு என்று எண்ணாதீர்கள்

மூன்று முக்கோணங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்த வடிவத்தை வால்க்நூட் என்கிறார்கள். வடிவம் பழையது, பெயர் பிற்காலத்தது. ஸ்வீடனின் காத்லாண்ட் தீவிலுள்ள ஸ்டோரா ஹம்மர்ஸ் கல்லில் ஒருவன் பலிபீடத்தின் மேல் கிடக்க, அவனுக்கு மேலே இந்த வடிவம் இருக்கிறது. அருகே மரத்தில் தொங்கும் ஒருவன். 834இல் புதைக்கப்பட்ட நார்வேயின் ஓசெபெர்க் கப்பலிலிருந்த மரப்பொருள்களிலும் இது உண்டு, அதுவும் சவ அடக்கம்தான். சாவு, பலி, ஓடின் இவற்றின் அருகிலேயே இது வருகிறது. ஓடின் தன்னவரைக் காப்பவன் என்பதைவிடத் தன்னிடம் அழைத்துக்கொள்பவன். குழந்தையின் தொட்டிலில் இதைத் தொங்கவிட வேண்டாம் என்பேன்.

படி 6: அக்கம்பக்கத்துப் பழஞ்சமயக் காப்புகளையும் பாருங்கள்

வீட்டுக்குக் காப்பு வேண்டுமென்றால் நார்ஸ் எல்லையைத் தாண்டி இரண்டு வடிவங்களைச் சொல்வேன். இரண்டையும் நீங்களே செய்யலாம்.

ஒன்று ஆறிதழ்ப் பூ. இங்கிலாந்தின் பழைய வீடுகளிலும் கொட்டகைகளிலும் கதவு, சன்னல், கணப்படுப்பு ஓரங்களில் கீறியிருக்கும். கெட்டது உள்ளே நுழையக்கூடிய வழிகள் இவை என்பதால் அங்கே காவல். செய்முறை பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் செய்ததுதான். கவராயத்தால் ஒரு வட்டம் போட்டு, விரிவை மாற்றாமல் விளிம்பில் ஒரு புள்ளியில் முள்ளை ஊன்றி வில் போட வேண்டும். வில் விளிம்பை வெட்டும் இடத்தில் அடுத்த ஊன்றல். ஆறு முறையில் பூ முடிந்துவிடும். கோட்டுக்கு முடிவே இல்லாததால் கெட்ட ஆவி அதற்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பது பலர் சொல்லும் விளக்கம். கென்ட்டின் நோல் மாளிகையில் மன்னர் முதலாம் ஜேம்ஸின் வருகைக்காகத் தயாரான அறையின் தளத்துக்கடியில், 1606 வாக்கில் தச்சர்கள் உத்தரங்களில் கீறிய காப்புக் குறிகள் கண்டெடுக்கப்பட்டன. மன்னரை வெடிமருந்து வைத்துக் கொல்லும் சதி பிடிபட்டது 1605இல். அந்தத் தச்சர்களின் பயம் மரத்தில் அப்படியே பதிந்திருக்கிறது. இங்கிலாந்தின் கிரெஸ்வெல் குகைகளில் இப்படிப்பட்ட குறிகள் நூற்றுக்கணக்கில் இருப்பது 2019இல் தெரியவந்தது.

இன்னொன்று அயர்லாந்தின் பிரிஜிட் சிலுவை. பிரிஜிட் ஒருபுறம் கில்டேரின் புனிதர், மறுபுறம் கவிதைக்கும் மருத்துவத்துக்கும் கொல்லர் தொழிலுக்கும் உரிய பழைய தெய்வம். பிப்ரவரி 1 அவள் நாள், வசந்தத்தின் தொடக்கம். முந்தின இரவு கோரைப் புல்லில் சிலுவை பின்னி வாசலுக்கு மேலே மாட்டுவார்கள். கூரை வேய்ந்த வீடுகளில் தீ அணுகாமல் காப்பது அதன் முதல் வேலை. ஒரு கோரையை நேராகப் பிடியுங்கள். இன்னொன்றை நடுவில் மடித்து அதன் மேல் மாட்டி வலப்பக்கம் இழுங்கள். மொத்தத்தையும் இடப்புறமாகக் கால் சுற்றுத் திருப்புங்கள். அடுத்த கோரையை மடித்து, இப்போது மேல்நோக்கி நிற்கும் கோரைகளைச் சுற்றி மறுபடி வலப்பக்கம். இப்படித் திருப்பித் திருப்பிப் போட்டால் நடுவில் சதுரம் ஒன்று பின்னிக்கொண்டே வளரும். விரல் தளர்ந்தால் அவிழ்ந்துவிடும், அழுத்திப் பிடிக்க வேண்டும். நான்கு கைகளின் நுனியையும் நூலால் கட்டி, வெட்டிச் சமப்படுத்தினால் முடிந்தது. நம் ஊர்க் கோரையே போதும், ஈரமாக இருக்கும்போது பின்னுங்கள்.

படி 7: அரசியல் கறை படிந்தவற்றை விலக்குங்கள்

நாஜிகள் ரூன்களையும் விட்டுவைக்கவில்லை. அவர்களின் எஸ்.எஸ். படையின் இரட்டை மின்னல் குறி "ஸ்" ரூனிலிருந்து வந்தது. பூர்விகச் சொத்து என்று பொருள்படும் ஓத்தலா ரூனை அவர்களின் ஒரு படைப்பிரிவு சின்னமாக வைத்திருந்தது. பன்னிரண்டு கைகள் கொண்ட "கருஞ்சூரியன்" பழைய வைக்கிங் சின்னமே அல்ல. எஸ்.எஸ். தலைமை குத்தகைக்கு எடுத்த வெவெல்ஸ்பர்க் கோட்டையின் தரையில் பதித்த வடிவம் அது. அதையும் வைக்கிங் காப்பு என்று விற்கிறார்கள். கண்ணில் பட்டால் நகர்ந்துவிடுங்கள். அல்கிஸைக்கூட அவர்கள் "உயிர் ரூன்" என்று பெயரிட்டுப் பயன்படுத்தினார்கள். தனி அல்கிஸை அணிபவர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஜெர்மனியிலும் நார்வேயிலும் வாழும் நம்மவர்களுக்கு இது வெறும் வரலாறு அல்ல. ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவின் கீழ்க் குற்றம். டென்மார்க்கின் ஸ்னோல்டெலெவ் ரூன் கல் போன்ற பழம்பொருள்களில் ஸ்வஸ்திகமும் உண்டு, நம் கோலத்திலும் உண்டு. ஆனாலும் பழைய நார்ஸ் நகையின் நகல் என்று சொல்லி அதை அங்கே கழுத்தில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டாம். அதனால் வாழ்க்கையே இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்தத் தெருவில் நடக்கிறார்கள்.

படி 8: அணியும் முன்

பயணத்துக்கென்றால் வெக்விசிர், வீட்டுக்கென்றால் பூவோ கோரைச் சிலுவையோ, எப்போதும் உடம்போடு இருக்க வேண்டுமென்றால் சுத்தியல். மனத்தில் அச்சம் மிகுந்து, ஒரு கூட்டத்துக்கு முன் நிற்க வேண்டியிருக்கிறது என்றால், சிகுர்தின் பதிலோடு சேர்த்து ஐகிஸ்ஹியால்மர். இது என் தேர்வு.

பச்சை குத்துவதானால் கடைக்காரரின் படப்புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். ஹுல்ட் ஏட்டின் பக்கங்கள் ஐஸ்லாந்துக் கையெழுத்துப் பிரதிகளுக்கான இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. அந்தப் பக்கத்தையே அச்செடுத்துக் கொண்டுபோங்கள். எட்டுக் கைகளின் நுனியையும் குத்துபவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நேர்ப்படமா, கண்ணாடிப் பிம்பமா என்று தோலில் மை படுவதற்கு முன் ஒருமுறை கண்ணாடி இல்லாமல் நேராகப் பாருங்கள். ரூன் வாக்கியம் என்றால், படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, எழுத்தெழுத்தாக அவர் வாசிப்பதைக் காதால் கேட்ட பிறகு நாள் குறியுங்கள்.